ஐந்து ஊர்கள் கூடி எழுப்பிய ஃப்ரீமாண்ட் நகரமும் எங்கள் தோட்டப்புறமும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் தென்கிழக்குப் பக்கத்தில் உள்ள ஃப்ரீமாண்ட், 1956ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் நகரமாகப் பதிவு பெற்றது. சென்டர்வில், நைல்ஸ், இர்விங்டன், மிஷன் சான் ஹோசே, வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் ஐந்து ஊர்கள் தாங்களே கூடிப் பேசி, வாக்களித்து, ஒரே நகரமாக இணைந்தன. என் அக்காள் மகள் அங்கே குடும்பத்தோடு வாழ்வதால் அந்த ஊரின் கதையைப் படிக்கத் தொடங்கினேன். மலேசியாவின் செமினியில், பால்மரக் (ரப்பர்) காடுகள் ஒவ்வொன்றாகத் தாமான்கள் எனப்படும் வீடமைப்புக் குடியிருப்புகளாக மாறுவதைப் பார்த்துக்கொண்டு வாழும் எனக்கு, விளைநிலம் எப்படிப் புறநகராகிறது, அப்போது யாருடைய சொல் எடுபடுகிறது என்னும் கேள்விதான் அந்த வரலாற்றில் முதன்மையாகத் தெரிந்தது.

அந்த நிலத்தின் முதல் மக்கள் ஓலோனி பழங்குடியினர். 1797ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் ஸ்பானியப் பாதிரிமார் அங்கே மிஷன் சான் ஹோசே என்னும் மதப்பரப்பு நிலையத்தை நிறுவினார்கள். கலிபோர்னியாவில் எழுந்த இருபத்தொரு மிஷன்களில் அது பதினான்காவது. ஓலோனி மக்கள் மதம் மாற்றப்பட்டு, மிஷனின் வயல்களிலும் மந்தைகளிலும் உழைத்தார்கள். புதிய நோய்களால் பெருந்தொகையாக மடிந்தார்கள். 1849இல் தங்க வேட்டை உச்சத்தில் இருந்தபோது, சுரங்கங்களுக்குப் போவோர் பண்டம் வாங்கும் வழித்தங்கலாக மிஷன் ஊர் செழித்தது. 1868 அக்டோபரில் ஹேவர்டு நிலப்பிளவில் ஏற்பட்ட நிலநடுக்கம் மிஷனின் தேவாலயத்தை இடித்துத் தள்ளியது. இன்று அங்கு நிற்பது 1980களில் பழைய வடிவத்திலேயே கட்டி எழுப்பப்பட்டது. நிலநடுக்கத்துக்கு அடுத்த ஆண்டே கண்டத்தின் குறுக்கே போகும் இருப்புப்பாதை நைல்ஸ் பள்ளத்தாக்கின் வழியே வந்துசேர்ந்தது. ஊமைப்படக் காலத்தில் எஸனே நிறுவனம் நைல்ஸில் படப்பிடிப்பு நிலையம் நடத்தியது. 1915இல் சார்லி சாப்ளின் அங்கே நடித்துப் படம் எடுத்தார் என்பதை நம்மவர் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது விவசாயம். பாதாமி (ஆப்ரிகாட்) மரத் தோப்புகள், திராட்சைத் தோட்டங்கள், காய்கறி வயல்கள், நாற்றுப் பண்ணைகள் என்று ஐந்து ஊர்களும் மண்ணை நம்பி வாழ்ந்தன. அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த போர்ச்சுகீசியர்கள், சீனர்கள், ஜப்பானியர்கள், மெக்சிகர்கள் என உழைத்தவர்களும் பல திசையினர். ஆயினும் மண்ணில் உழைத்த எல்லாரும் மண்ணுக்கு உரிமை கொண்டாட முடியவில்லை. 1913ஆம் ஆண்டின் கலிபோர்னியச் சட்டம், குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் விளைநிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளக் கூடாது என்று விதித்தது. நடைமுறையில் அது ஆசியர்களைக் குறி வைத்த சட்டம். ஜப்பானியக் குடும்பங்கள் குத்தகைக்கு உழுதார்கள். சிலர் அமெரிக்க மண்ணில் பிறந்த தம் பிள்ளைகளின் பெயரில் நிலம் வாங்கினார்கள். 1942இல் அந்தக் குடும்பங்கள் வீட்டையும் வயலையும் விட்டு வெளியேற்றப்பட்டு, முதலில் டான்ஃபோரான் குதிரைப் பந்தயத் திடலிலும் பிறகு யூட்டா மாநிலத்தின் டோபாஸ் முகாமிலும் அடைக்கப்பட்டன. அதே போர்க்காலத்தில், இங்கே நம் தோட்டங்களிலிருந்து ஜப்பானியப் படை ஆட்களைச் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போடும் வேலைக்கு ஏற்றிச் சென்றது. ஜப்பானிய முகம் அங்கே குற்றமாக இருந்தபோது ஜப்பானியக் கொடி இங்கே எமனாக இருந்தது என்பதை நினைக்கும்போது, போர் எளிய மக்களைத் தேடிப்பிடித்துத் துன்புறுத்தும் விதம் மனத்தை வாட்டுகிறது. அந்த நிலச் சட்டம் 1952இல்தான் கலிபோர்னிய உச்ச நீதிமன்றத்தால் செல்லாது என்று தீர்க்கப்பட்டது.

போர் முடிந்ததும் வளைகுடாப் பகுதியெங்கும் வீடமைப்பு பெருகியது. தெற்கே சான் ஹோசே நகரம் சுற்றியுள்ள நிலங்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டே வந்தது. வடக்கே ஹேவர்டும் விரிந்துகொண்டிருந்தது. இப்படியே விட்டால் ஐந்து ஊர்களும் துண்டு துண்டாக விழுங்கப்படும் என்று அங்குள்ளோர் அஞ்சினார்கள். தனித்தனியே நின்றால் வலுவில்லை, சேர்ந்தால் நிலப்பயன்பாட்டைத் தாங்களே தீர்மானிக்கலாம் என்பதே இணைப்பின் காரணம். பக்கத்து ஊரான நூவர்க் இந்தத் திட்டத்தில் சேர மறுத்து, 1955இல் தனி நகரமாகிக்கொண்டது. அதனால் இன்றும் ஃப்ரீமாண்ட்டால் சூழப்பட்ட தனி நகரமாக அது இருக்கிறது. டெக்கோட்டோ, அல்வராடோ என்னும் இரண்டு ஊர்கள் 1959இல் சேர்ந்து யூனியன் சிட்டி ஆயின. மூன்று நகரங்களும் இன்று நெருங்கிய அண்டையர்களாகவே வாழ்கின்றன.

இணைந்த பிறகும் ஐந்து ஊர்களின் பெயர்களும் அழியவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நைல்ஸ் இன்னும் நைல்ஸ்தான். அதன் பழைய கடைத்தெரு அப்படியே இருக்கிறது. இர்விங்டனும் சென்டர்வில்லும் தமக்கெனத் தனி முகம் கொண்ட வட்டாரங்களாகத் தொடர்கின்றன. 1960இல் 43,790 ஆக இருந்த மக்கள்தொகை 1970இல் 1,00,869 ஆகி, 2020இல் 2,30,504 ஆக உயர்ந்தது. இவ்வளவு பெருக்கத்திலும் கிழக்கே உள்ள மலைச்சரிவுகள் பெரும்பாலும் பசுமையாக நிற்பதற்குக் காரணம், மலையில் கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் முன்மொழிவுகளை 1981இலும் 2002இலும் நகரத்தாரே வாக்களித்து நிறைவேற்றியதுதான்.

தொழிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1960களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே கார் ஆலை திறந்து 1982இல் மூடியது. 1984 முதல் 2010 வரை டொயோட்டாவோடு கூட்டாக நூமி என்ற பெயரில் அந்த ஆலை ஓடியது. பிறகு டெஸ்லா அதை வாங்கியது. 1972இல் வளைகுடாப் பகுதி நகரங்களை இணைக்கும் பார்ட் ரயில் வந்தது. சிலிக்கான் பள்ளத்தாக்கு அருகில் இருந்ததால் கணினித் துறையினர் குடியேறினார்கள்.

மக்கள் மாறிய கதைதான் விரிவாகச் சொல்லத் தக்கது. 1965ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் ஆசியர்களுக்கு அமெரிக்காவின் கதவைத் திறந்தது. சோவியத் படை 1979இல் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த பிறகு அங்கிருந்து தப்பியவர்கள் ஃப்ரீமாண்ட்டில் குடியேற, அமெரிக்காவில் ஆப்கானியர் மிகுதியாக வாழும் இடங்களில் ஒன்றாக அது ஆனது. சென்டர்வில் பகுதியைக் குட்டிக் காபூல் என்றே அழைப்பார்கள். சீனர்கள், பிலிப்பீன்ஸ் நாட்டினர், பஞ்சாபியர், தெலுங்கர், தமிழர் என்று பலரும் வந்தார்கள். ஆசியர்களின் பங்கு 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே பாதியைத் தாண்டியது. தாத்தா காலத்தில் ஆசியர் நிலம் வாங்கச் சட்டம் இடம் தராத அதே மண்ணில், பேரன் காலத்தில் வீட்டுக்காரர்களில் பெரும்பகுதி ஆசியர்கள். சீக்கியர்களின் குருத்வாரா நிற்கும் தெருவுக்குக் குருத்வாரா சாலை என்றே பெயர். மெதடிஸ்டு தேவாலயம் ஒன்றும் பள்ளிவாசல் ஒன்றும் அடுத்தடுத்த நிலங்களை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் கட்டிக்கொண்டு, இடையில் உள்ள பாதைக்கு அமைதித் தெரு என்னும் பொருளில் பெயர் வைத்தன. வார இறுதித் தமிழ் வகுப்புக்குத் தன் மகனை அழைத்துச் செல்வதாக அக்காள் மகள் சொல்லும்போது, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த அவளுடைய பாட்டியை நினைத்துக்கொள்வேன். ஆனால் வீட்டு விலை பத்து லட்சம் டாலரைக் கடந்துவிட்ட ஊரில், பள்ளி ஆசிரியர்களும் கடைப் பணியாளர்களும் குடியிருக்க இடம் தேடித் தொலைவுக்குப் போகிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

இனி எங்கள் பக்கம். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் நடப்பட்ட முதல் இடங்களில் ஒன்று எங்களுக்கு அருகே உள்ள காஜாங்கின் இஞ்ச் கென்னத் தோட்டம். கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1890களின் நடுவில் அங்கே கன்று நட்டார்கள். அதைத் தொடர்ந்து உலு லங்காட் வட்டாரம் முழுவதும் பால்மரம் பரவியது. பால் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுவந்த கங்காணிமார் வழியே நம் முன்னோர் வந்தார்கள். பின்னர்ச் செம்பனை வந்தது, அதன் பின் வீடமைப்பு வந்தது. 2005இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் செமினிக்கு வந்தது. நெடுஞ்சாலைகள் வந்தன, கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய் வருவோர் வந்தார்கள். இன்று செமினி, ஃப்ரீமாண்ட் 1960களில் இருந்த நிலையில் இருக்கும் ஒரு புறநகர் என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் தோட்டங்களின் பெயர்கள் எங்கே? புதிய தாமான்களின் நுழைவாயில்களில் அவை இல்லை. ரிஞ்சிங் தோட்டத் தமிழ்ப்பள்ளி, செமினி தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று பள்ளிகளும், மாரியம்மன் கோவில்களும்தான் அவற்றைத் தாங்கி நிற்கின்றன.

எங்களுக்கு அருகில் இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு உண்டு. 1921இல் தொடங்கப்பட்ட பிராங் புசார் தோட்டம் இருந்த நிலத்தில்தான் 1990களில் புத்ராஜெயா எழுந்தது. பிராங் புசார், கேலவே, செட்ஜ்லி, மேடிங்லி ஆகிய நான்கு தோட்டங்களின் மக்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஐந்து ஊர்கள் ஒரு நகரமாயின. இங்கே நான்கு தோட்டங்கள் இருந்த இடத்தில் நாட்டின் நிர்வாகத் தலைநகரமே எழுந்தது, ஆனால் அந்தத் தோட்டத்து மக்கள் அந்த நகரத்துக்குள் வாழவில்லை.

இந்த வேறுபாட்டுக்கு இரண்டு காரணங்களைக் காண்கிறேன். முதலாவது நிலம். ஃப்ரீமாண்ட் பகுதியின் தோப்புக்காரர்கள் தம் நிலத்தைத் தாமே விற்றார்கள். விலை அவர்களுக்கே வந்தது. தோட்டத்து மக்களுக்கு லயத்து வீடுகூட (தோட்டம் கட்டிக்கொடுத்த வரிசை வீடு) வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். இரண்டாவது வாக்கு. கோலாலம்பூரில் 1952இலேயே நகராண்மைத் தேர்தல் நடந்த நாடு இது. ஆனால் 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தோடு அவை முற்றாக முடிவுக்கு வந்தன. இன்று நகராண்மைக் கழக உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள். மலைச்சரிவைக் காப்பதா, கட்டுவதா என்று ஃப்ரீமாண்ட் மக்களைக் கேட்டதைப் போல எங்களை யாரும் கேட்பதில்லை.

கூடிச் செயல்படும் வழக்கம் நம்மவரிடம் இல்லாமல் போனதால் இப்படி ஆயிற்று என்று சொல்வோரை நான் ஏற்க மாட்டேன். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, பாட்டாளிகளிடம் பத்துப் பத்து மலாயா வெள்ளியாகப் பணம் சேர்த்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். பால் வெட்டியவர்கள் பங்குதாரர்களாகித் தோட்டங்களையே வாங்கினார்கள். ஃப்ரீமாண்ட்டின் ஐந்து ஊர்கள் சேர்ந்ததற்கு நான்கே ஆண்டுகளுக்குப் பின் நம் ஏழை மக்கள் செய்த அந்தச் செயலை, அதற்கு ஒரு படி மேலானதாகவே நான் மதிக்கிறேன். இழப்பதற்கு நிலம் உள்ளவர்கள் கூடுவது இயல்பு, ஒரு சாண் நிலமும் இல்லாதவர்கள் கூடி நிலம் வாங்கியது அரிது.

ஃப்ரீமாண்ட் மக்களிடம் இருந்து நாம் உடனே எடுத்துக்கொள்ளக் கூடியது ஒன்று உண்டு. ஃப்ரீமாண்ட் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1904இல், அந்த வட்டாரப் பெண்கள் சங்கம் ஒன்று முதியவர்களைக் கேட்டு ஊர் வரலாற்றை எழுதி அச்சிட்டது. இன்று அங்கே உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகமும், நைல்ஸில் ஊமைப்பட அருங்காட்சியகமும் இயங்குகின்றன. எங்கள் வட்டாரத்தில் கோவில் திருவிழா மலர்களும் பள்ளி ஆண்டு மலர்களுமே ஆவணங்கள். அவையும் பலர் வீட்டு அலமாரிகளில் கரையானுக்கு இரையாகின்றன. லயம் எங்கே இருந்தது, பால் நிறுவைக் கொட்டகை எங்கே, முனியாண்டி கோவில் எந்தப் பிரிவில் இருந்தது, இடுகாடு எது என்று கைகாட்டிச் சொல்லக் கூடியவர்கள் எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள்.

இன்னொரு வழியும் சட்டத்திலேயே இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஊராட்சி மன்றங்கள் வட்டாரத் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, எழுத்து வழியான மறுப்புகளையும் கருத்துகளையும் பெற வேண்டும். அந்த அறிவிப்பு வரும்போது பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கோவில் நிர்வாகங்களும் வரைபடத்தின் முன் நின்று, தங்கள் நிலம் எந்த வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பள்ளிக்கும் கோவிலுக்கும் இடுகாட்டுக்கும் தனித்தனியே நிலம் குறிக்கும்படியும், புதிய சாலைகளில் ஒன்றுக்காவது பழைய தோட்டத்தின் பெயரை வைக்கும்படியும், குறித்த நாளுக்குள் கையொப்பமிட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். செமினியில் அப்படி எழுதிக் கொடுக்க விரும்பும் சங்கங்களுக்குக் கடிதத்தைத் தேசிய மொழியான மலாயில் எழுதித் தர நான் அணியமாக இருக்கிறேன்.