சமாதானக் கூட்டத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

திருவிழாத் தகராறுக்காக இரண்டு தரப்பையும் தாசில்தார் கூப்பிட்டு வைத்துப் பேசும் சமாதானக் கூட்டத்தில், தாலுகா ஆபீஸில் மூன்று தடவை உட்கார்ந்து எழுந்தாயிற்று. மனு, வி.ஏ.ஓ. விசாரணை, நோட்டீஸ் எல்லாம் வழக்கமானதுதான். சிக்கல் கூட்டம் நடக்கிற ஹாலுக்குள்ளே.

முதல் கூட்டம் கால் மணி நேரத்தில் கலைந்தது. தரப்புக்கு 5 பேர் என்று சொல்லியும் இரண்டு பக்கமும் வேனில் ஆள் இறக்கினார்கள். முதுகுக்குப் பின்னால் கூட்டம் நின்றால் பேசுகிறவர் எதிராளியிடம் பேச மாட்டார், தன் ஆட்களுக்குக் கேட்கட்டும் என்றுதான் பேசுவார். "உங்க பையன்" என்று ஆரம்பித்தது "உங்க தெருவே" என்று போனதும் தாசில்தார் எழுந்துவிட்டார்.

ஐந்து பேரில் ஒருவர் மட்டும் பேசட்டும். அடி வாங்கியவரோ அவர் அண்ணனோ அந்த ஒருவராக வேண்டாம். அவர்கள் ஆதங்கத்தை எழுதி வாங்கிப் படித்துக் காட்டுங்கள். "எங்களை மதிக்கலை" என்றால் பதிலுக்கு இன்னொரு "மதிக்கலை" வரும். "போன வருஷம் சப்பரம் எங்க தெரு முனையிலேயே திரும்பிருச்சு" என்றால் ஏன் என்று எதிர்த்தரப்பு சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆள் கொதிக்கப் போகிறார் என்பது குரல் ஏறுவதற்கு முன்பே தெரியும்: சொன்னதையே மூன்றாவது தடவை சொல்வார், நாற்காலி நுனிக்கு வருவார். அப்போதே பத்து நிமிஷம் கேட்டு டீக்கு வெளியே கூட்டிப் போக ஓர் ஆள் வேண்டும். செல்போனை உள்ளேயே வாங்கி வைத்துவிடுங்கள். இரண்டாவது கூட்டத்தைக் கெடுத்தது டீக்கடையிலிருந்து வாட்ஸ்அப் குரூப்புக்குப் போன ஒரு வாய்ஸ் மெசேஜ். முந்தின ராத்திரியே குரூப்பை "அட்மின் மட்டும்" என்று மாற்றியிருக்க வேண்டும்.

"ஒத்துவரலைன்னா 107 போடுவோம்" என்ற மிரட்டலில்தான் பலருக்கும் நிதானம் போகிறது. 107 என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் அது 126, பழைய நம்பர்தான் வாயில் நிற்கிறது. ஒரு வருஷம் வரைக்கும் அமைதி காப்பதாக ஏன் பிணைப்பத்திரம் எழுதி வாங்கக்கூடாது என்று கேட்பதுதான் அது, தண்டனை இல்லை. எழுத்தில் பதில் கொடுக்கலாம்.

கோயிலுக்குள் வரக்கூடாது என்பதுதான் தகராறு என்றால் இந்த மேஜையே தப்பு. 1947 கோயில் நுழைவுச் சட்டம் கொடுத்த உரிமையை "இந்த வருஷம் மட்டும் விட்டுக்கொடுங்க" என்று பேரம் பேச விடாதீர்கள். சாந்தமாக இருப்பது வேறு, அதில் கையெழுத்துப் போடுவது வேறு.

நடவடிக்கைக் குறிப்பில் "வழக்கப்படி" என்று எழுதினால் விடாதீர்கள். இரண்டு தரப்புக்கும் வழக்கம் வேறு வேறு, சண்டையே அதில்தான். எந்தத் தெரு, எத்தனை மணி, எவ்வளவு நேரம் என்று எழுதச் சொல்லுங்கள். நகல் கேட்டால் கிளார்க் "நாளைக்கு வாங்க" என்பார். அந்த "நாளைக்கு"க்கே இரண்டு நடை வீண். தகவல் உரிமைச் சட்டத்தில் போட்டால் 30 நாள், அதற்குள் தேரே நிலைக்கு வந்துவிடும். அன்றே தபால் பிரிவில் நகல் மனு கொடுத்து சீல் வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது தடவை எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதி வாங்கினோம், சப்பரமும் தெருவுக்குள் வந்து 10 நிமிஷம் நின்றது. மேளம் எந்த முனையில் நிற்கும் என்று எழுதத்தான் மறந்துபோனது. அடுத்த வருஷ மனுவில் முதல் வரி அதுதான்.