குப்பத்துப் பையன் என்பதே ஒரு கேஸ்

என் தம்பி மேல் எந்தக் கோர்ட்டிலும் எந்தக் குற்றமும் நிரூபணம் ஆனதில்லை. ஆனாலும் "நன்னடத்தையோடு இருப்பேன்" என்று அவன் எழுதிக் கொடுத்த பிணைப் பத்திரம் ஒரு ஸ்டேஷனில் இருக்கிறது. ஒரு கோயில் திருவிழாக் கைகலப்பில் அவன் பெயரையும் சேர்த்தார்கள். அன்றைக்கு அவன் ஃபைபர் படகில் கடலுக்குப் போயிருந்தான். கூடப் போனவர்கள் எல்லோரும் வந்து சொன்னார்கள், கேஸும் நிலைக்கவில்லை. ஆனால் ஸ்டேஷன் பதிவில் பெயர் ஏறினது ஏறினதுதான்.

அதன் பிறகு ராத்திரி பைக்கில் வந்தால் நிறுத்துவார்கள். முதல் கேள்வி லைசென்ஸ் இல்லை, "எந்த ஏரியா?" என்பதுதான். மெரினா கரையோரத்தில் இருக்கும் எங்கள் மீனவக் குப்பத்தின் பெயரைச் சொன்னதும் குரல் ஒருமைக்கு இறங்கும். செல்போனை முகத்துக்கு நேரே பிடித்து, "தலையத் தூக்குடா" என்று சொல்லிப் படம் எடுப்பார்கள். முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் செயலி இருக்கிறதே, அதற்காக. மெரினாவுக்குக் காற்று வாங்க வரும் பையன்களும் அதே ரோட்டில் அதே நேரத்தில்தான் போகிறார்கள். அவர்கள் முகத்தை யாரும் படம் எடுத்து நான் பார்த்ததில்லை.

இந்தப் பிணைப் பத்திரம் எப்படி வேலை செய்கிறது என்பது வெளியே பலருக்குத் தெரியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107, 110 பிரிவுகள். புதிய சட்டத்தில் 126, 129. குற்றம் செய்ததற்காக அல்ல, செய்யக்கூடும் என்பதற்காக எழுதி வாங்குவது. பத்திரத்தை மீறினதாகச் சொன்னால் மிச்சக் காலத்துக்கு ஜெயில். இதை முடிவு செய்ய வேண்டியவர் நிர்வாக நடுவர், அதாவது போலீஸ் அல்லாத ஓர் அரசு அதிகாரி. 2013, 2014-இல் வந்த அரசாணைகள் அந்த அதிகாரத்தைப் போலீஸ் துணை ஆணையர்களுக்கே கொடுத்துவிட்டன. பிடிப்பதும் போலீஸ், குற்றம் சொல்வதும் போலீஸ், உள்ளே தள்ளுவதும் போலீஸ். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணைகளை ரத்து செய்தது. அந்தச் செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அதுவரைக்கும் உள்ள போன பசங்களுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

2022 ஏப்ரலில் மெரினாவில் குதிரை ஓட்டிப் பிழைத்த 25 வயதுப் பையன் ஒருவன் ராத்திரி வாகனச் சோதனையில் பிடிபட்டு, விடிந்ததும் காவலில் இறந்துபோனான். போலீஸ்காரர்கள் கொலை வழக்கில் கைதானார்கள். அன்றிலிருந்து தம்பி வர நேரமானால் அம்மா வாசல்படியை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

எங்கள் பக்கம் சண்டை இல்லை, குடி இல்லை என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. எல்லாம் இருக்கிறது. கஞ்சா விற்பவர்கள் யார் என்று குப்பத்துக்கே தெரியும். அவர்களைப் பற்றிப் புகார் கொடுக்கப் போன அக்காக்களை ஸ்டேஷனில் மணிக்கணக்காக உட்கார வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். எங்களுக்குப் போலீஸ் வேண்டாம் என்றில்லை. கூப்பிடும்போது வருவதில்லை, கூப்பிடாதபோது கூட்டமாக வருகிறார்கள். அதுதான் கோபம்.

கூட்டமாக வந்த நாள் என்றால் 2017 ஜனவரி 23. ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை அன்று காலை கலைத்தார்கள். ஓடி வந்தவர்களுக்குக் குப்பத்து ஜனங்கள் தண்ணீர் கொடுத்தார்கள், உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்கள். அப்புறம் நடுக்குப்பத்திலும் ரூதர்புரத்திலும் தடியடி நடந்தது, வண்டிகள் எரிந்தன, நடுக்குப்பம் மீன் மார்க்கெட் எரிந்தது. சீருடையில் இருந்தவர்களே தீ வைப்பதுபோன்ற வீடியோக்கள் நாடு முழுக்க ஓடின. போலீஸ் மறுத்தது, விசாரணைக்கு நீதிபதி ராஜேஸ்வரன் ஆணையம் போட்டார்கள்.

என் அத்தைக்கு அந்த மார்க்கெட்டில் கடை. தீ அணைந்த பிறகு அவரோடு போனேன். ஐஸ் பெட்டியின் தெர்மோகோல் உருகி, கறுப்புப் பாகாகத் தரையில் ஒட்டியிருந்தது. அன்னக்கூடை ஒரு பக்கம் நெளிந்து கிடந்தது. அத்தை சாம்பலைக் காலால் தள்ளித் தள்ளித் தன் அருவாமனையைத் தேடினார். அலகு கிடைத்தது, பலகை இல்லை. தராசுக் கற்களைக் கழுவிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். மீன் மட்டும் போகவில்லை, வட்டிக்கு வாங்கிய முதலும் போனது. மறுநாள் டிவியில் "சமூக விரோதிகள்" என்று ஓடிக்கொண்டிருந்தது. அத்தை ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் ஆயாவுக்கு இது புதிதாக இல்லை. 1985-இல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் மணலிலிருந்து அள்ளிக்கொண்டு போனார்கள். ஜனங்கள் மறித்தார்கள். டிசம்பர் 4 அன்று போலீஸ் சுட்டது, மீனவர்கள் செத்தார்கள். அதே வருஷம் ஜூலையில்தான் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைப்பும் உயிர்வாழும் உரிமையில் சேர்த்தி என்று சொல்லியிருந்தது. முறைப்படி நோட்டீஸ் கொடுத்து அப்புறப்படுத்தலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. எங்கள் அனுபவத்தில் அரசாங்கம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

இதையெல்லாம் தனித்தனிச் சம்பவமாக என்னால் பார்க்க முடியவில்லை. முதலில் ஏரியாவுக்குப் பேர் கெடுகிறது: ரவுடி ஏரியா, நாத்தம் பிடித்த இடம், ஆக்கிரமிப்பு. பேர் கெட்ட இடத்தை யார் காலி செய்தாலும் ஊர் ஏன் என்று கேட்பதில்லை. அப்புறம் அழகுபடுத்துதல் வருகிறது. தம்பியை நிறுத்துகிற போலீஸும் படகை அகற்றச் சொல்கிற நோட்டீஸும் எங்கள் தெருவுக்கு ஒரே வாசல் வழியாகத்தான் வருகின்றன.

2023 ஏப்ரலில், எங்கள் கரையோரமாகப் போகும் லூப் ரோட்டின் மீன் கடைகளை அகற்றும் விஷயம் நடந்தது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. மாநகராட்சி வண்டிகள் போலீஸோடு வந்தன. நாங்கள் படகுகளை இழுத்து ரோட்டுக்குக் குறுக்கே போட்டோம். அந்த ரோடு வருவதற்கு முன்னால் அங்கே வலை காய்ந்துகொண்டிருந்தது. ரோடுதான் எங்கள் கரைக்குள் வந்தது, நாங்கள் ரோட்டுக்குப் போகவில்லை. 2024 ஆகஸ்டில் அங்கேயே நவீன மீன் அங்காடி திறந்தார்கள். கூரை, தண்ணீர், கழிப்பறை எல்லாம் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் காரை ஓரங்கட்டி ஜன்னலை இறக்கி "வஞ்சிரம் என்ன விலை?" என்று கேட்கிற ஆட்கள் உள்ளே இறங்கி வருவது குறைவு என்று அம்மா சொல்கிறார். வாசல் பக்கத்துக் கடைக்கும் உள்பக்கத்துக் கடைக்கும் வியாபாரத்தில் அத்தனை வித்தியாசம்.

இதற்கிடையில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரைக்கும் மெட்ரோ வேலை நடக்கிறது. வாடகை ஏறிவிட்டது. கல்யாணமான பிள்ளைகள் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று தூரத்து மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்குப் போகிறார்கள். பெரும்பாக்கம் 20 கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலை படகு கரையேறும்போது ஏலத்துக்கு நிற்க வேண்டிய பெண் அங்கிருந்து எந்த பஸ்ஸைப் பிடித்து வருவாள்? எங்களோடு படித்த ஒருத்தி அப்படிப் போனவள் இப்போது ஒரு ஐ.டி. கட்டடத்தில் தரை துடைக்கிறாள். மீன் வெட்டுவதில் எங்கள் தெருவில் அவள் கைக்கு ஈடு கிடையாது.

சரி, நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். கடலோரத்தில் எங்கே என்ன கட்டலாம், கூடாது என்று சொல்லும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவ மக்களின் நீண்டகால வீட்டுத் தேவையைக் கடலோர மேலாண்மைத் திட்டத்தில் காட்ட வேண்டும் என்கிறது. அது வரைபடத்தில் ஏறினால்தான் நாளைக்குக் கோர்ட்டில் பேச முடியும். அதனால் படகு நிறுத்துமிடம், வலை காயவைக்கும் இடம், கருவாடு போடும் இடம் எல்லாவற்றையும் நாங்களே அளந்து குறிக்கிறோம். தம்பியும் அவன் கூட்டாளிகளும் செல்போனில் இடத்தைப் பதிகிறார்கள். வயசானவர்கள் பழைய எல்லை எதுவரை என்று காட்டுகிறார்கள். பஞ்சாயத்தார் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார்கள். பக்கத்துக் குப்பங்களில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் எங்களோடு சேருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஏலம் முடிந்ததும் படகுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரைகிறோம். உங்கள் எல்லையை உங்கள் ஆயாக்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.