ஒரே யானை, ரெண்டு தடவை

மழைக்கு ஒதுங்கத்தான் எழும்பூர் மியூசியத்துக்குள் போனேன். அமராவதிச் சிற்பங்கள் இருக்கும் கூடத்தில் ஒரு வட்டக்கல் முன்னால் கால் நின்றுவிட்டது. புத்தரின் உறவினனும் எதிரியுமான தேவதத்தன் சூழ்ச்சியால் அவர் மேல் ஏவப்பட்ட நளகிரி என்ற மதயானையின் கதை. இடப்பக்கம் ஒரு ஆளைத் துதிக்கையில் பிடித்துக்கொண்டு வெறியாட்டம். அதே யானை வலப்பக்கம் புத்தர் காலடியில் மண்டியிட்டுக் கிடக்கிறது! நடுவில் கோடு கீடு எதுவும் கிடையாது. காமிக்ஸ் கட்டங்களெல்லாம் அப்புறம் வந்த சமாச்சாரம், இது கி.பி. 2ஆம் நூற்றாண்டு, ஆந்திரத்துச் சுண்ணாம்புக்கல்.

எனக்குப் பிடித்தது யானைகூட இல்லை. கீழே ஒருத்தி பயத்தில் அப்படியே பின்வாங்கி ஒடுங்குகிறாள். மேலே மாடி ஜன்னலில் தலைகள், ஜாலியாக வேடிக்கை. நம்ம தெருவேதான்.

வெளியே வந்தால் மழை எப்போதோ விட்டிருந்தது.