பீச்சாங்கை கட்டிய சரம்

5 மே 2025, திங்கள்

ஜூன் மாதத்திலிருந்து ஒரு ட்யூஷன் சென்டரில் பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். உயிரியல் ஆசிரியர் வராத நாளில் அதையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். பி.எஸ்சி. முடித்து ஒன்பது வருஷம் ஆகிறது. இடையில் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியதுதான் என் அனுபவம்.

முதல் நாள் மோல், அதாவது அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ணும் அலகு. 6.022 × 10²³ என்ற எண் கேட்பதற்கு முன்பே வாயில் வந்துவிட்டது. ஒரு டம்ளர் தண்ணீர் எத்தனை மோல் என்று என்னையே கேட்டுக்கொண்டேன், உடனே சொல்ல வரவில்லை. 180 மில்லி என்றால் 180 கிராம். ஒரு மோல் தண்ணீர் 18 கிராம், அதனால் 18ஆல் வகுத்தால் 10 மோல். ஒரே ஒரு வகுத்தல்தான். அந்தக் கணக்கைக் கல்லூரியில் நூறு முறையாவது போட்டிருப்பேன். ஆனால் டம்ளரைப் பார்த்து ஒருநாளும் போட்டதில்லை.

செல்லூர் வீட்டுத் திண்ணையில் அத்தை மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். மாட்டுத்தாவணியில் விடிகாலை வாங்கி வந்த மொட்டு. நார் தீர்ந்துவிட்டது, பூ அரைக் கூடை மிச்சம். முதலில் தீர்ந்துபோய் வினையை நிறுத்திவிடும் பொருளை வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்று பாடத்தில் சொல்வார்கள், அது அந்த நார்தான். சரி, ஓர் உதாரணம் கிடைத்தது.

8 மே, வியாழன்

மீனாட்சி திருக்கல்யாணம். டிவியில் பார்த்தபடியே அத்தை மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார். மாலையில் எதிர்வீட்டுக்குப் புது மாப்பிள்ளை வந்தார். ஆரத்தி கரைத்ததும் அத்தைதான். மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு போட்டதும் ரத்தச் சிவப்பு.

சுற்றி முடித்ததும் மிச்சத்தை ஒரு கிண்ணத்தில் வாங்கி வந்து எலுமிச்சையைப் பிழிந்தேன். மறுபடி மஞ்சள். கொஞ்சம் சுண்ணாம்பு, மறுபடி சிவப்பு. மூன்று முறை செய்தேன். “நல்ல நாளும் அதுவுமா ஆரத்தித் தண்ணியில விளையாடுறியே” என்று திட்டு விழுந்தது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறமி, காரத்தில் தன் புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை, இழக்கிறது. அப்போது அது உறிஞ்சும் ஒளி மாறுவதால் நிறமும் மாறுகிறது. எலுமிச்சை அந்தப் புரோட்டானைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

அமிலமா காரமா என்று அளக்கும் பி.ஹெச். அளவில் எலுமிச்சைச் சாறு 2 பக்கம், சுண்ணாம்புத் தெளிவுநீர் 12 பக்கம். வித்தியாசம் 10 என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு, ஆக ஹைட்ரஜன் அயனிகளின் செறிவில் ஆயிரம் கோடி மடங்கு. இதை வகுப்பில் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

10 மே, சனி

வெயில். கரண்ட் இல்லை. செல், சவ்வு, மைட்டாசிஸ், மியாசிஸ் எல்லாவற்றையும் வேகமாகத் தள்ளினேன். நேற்று உப்பில் போட்ட மாங்காய்த் துண்டுகள் காலையில் தண்ணீரில் கிடந்தன. அத்தை ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை, உப்பு வெளியே இழுத்த தண்ணீர் அது. செல் சவ்வு வழியாகத் தண்ணீர் நகரும் சவ்வூடு பரவலுக்கு இது போதும்.

13 மே, செவ்வாய்

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். இன்று புது நத்தம் சாலை நூலகத்துக்குக் கிளம்பினால் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கோரிப்பாளையத்தில் ஒருவர் எழுந்து வாசல் பக்கம் திரும்பினார். அவர் முழுதாக எழுந்து முடிக்கவில்லை, அதற்குள் ஜன்னல் வழியாக வெளியிலிருந்து ஒரு துண்டு வந்து சீட்டில் விழுந்தது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூலக்கூறில் ஒரு தொகுதி வெளியேற, இன்னொன்று அதன் இடத்தைப் பிடிக்கும் எஸ்.என்.2 வினையேதான்! வெளியேறும் தொகுதி போகும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து, இடம்பிடிக்க வரும் கருக்கவர் பொருள் வருகிறது. வருவதும் போவதும் ஒரே படியில் நடக்கிறது. ஜன்னலை மறைத்து நாலு பேர் நின்றால் துண்டு விழாது. மூன்று கார்பன்கள் சூழ்ந்து நிற்கும் மூவிணைய கார்பனில் எஸ்.என்.2 நடக்காததும் இந்த நெரிசலால்தான். அங்கே முதலில் ஆள் இறங்கி, சீட் காலியாக வேண்டும். அப்புறம் எந்தப் பக்கத்திலிருந்தும் வந்து உட்காரலாம். அது எஸ்.என்.1.

கல்லூரியில் இதை அம்புக்குறிகளாக மனப்பாடம் செய்தோம். தப்பாக வளைத்தால் அரை மார்க் போகும் என்பது மட்டும்தான் அப்போது தெரியும்.

18 மே, ஞாயிறு

இன்று முழுக்க ஒரே விஷயம்: கைரல் தன்மை. இடக்கை, வலக்கை போல, ஒரு பொருளும் அதன் கண்ணாடிப் பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத தன்மை.

அத்தைக்கு இடதுகைப் பழக்கம். மதியம் அவருக்கு உதவியாக நானும் ஒரு முழம் கட்டினேன். இரண்டு சரத்தையும் பக்கத்தில் போட்டால் என்னவோ ஒட்டவில்லை. உற்றுப் பார்த்தேன். நான் போட்ட சுருக்கில் நார் ஒரு பக்கமாகச் சுழல்கிறது, அத்தை போட்டதில் மறுபக்கம். என் சரத்தைத் தலைகீழாக்கினேன், சுழி மாறவில்லை. கண்ணாடி முன் பிடித்தேன். உள்ளே தெரிந்தது அத்தையின் சரம். அதே பூ, அதே நார், எடையும் மணமும் அதேதான். ஆனாலும் ஒன்றை எப்படித் திருப்பினாலும் மற்றதாக ஆக்க முடியாது.

“பீச்சாங்கை கட்டுனா அப்படித்தான் வரும். இதுக்கா அரை மணி நேரமா பாக்குற?”

1848இல் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் செய்ததும் கிட்டத்தட்ட அத்தை மொட்டுப் பொறுக்கும் வேலைதான். டார்டாரிக் அமிலத்தின் உப்பான சோடியம் அம்மோனியம் டார்ட்ரேட் படிகங்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, இடவகை, வலவகை என்று இரண்டாகப் பிரித்தார். கரைத்துப் பார்த்தால் ஒரு குவியல், ஒரே தளத்தில் அதிரும் ஒளியின் தளத்தை வலப்பக்கம் திருப்பியது, மற்றது இடப்பக்கம். நம் புளியில் இருப்பதும் டார்டாரிக் அமிலம்தான். ஆனால் அந்தப் படிகங்கள் இப்படித் தனித்தனியாக உருவாவது சுமார் 27, 28 டிகிரிக்குக் கீழேதான். சித்திரை மாதத்து மதுரையில் உட்கார்ந்திருந்தால் பாஸ்டருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

இடம், வலம் என்ற பெயர்களை மட்டும் நம்பவே கூடாது. வலம்புரிச் சங்கு என்று நாம் கொண்டாடுவதை விலங்கியலார் இடச்சுழி என்பார்கள். சங்கு ஒன்றுதான், எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதில்தான் சண்டை. இடக்கை, வலக்கை மூலக்கூறுகளைப் பிரித்துச் சொல்ல ஆர், எஸ் என்று வைக்கும் பெயரும் அப்படித்தான். அது கார்பனைச் சுற்றியுள்ள தொகுதிகளை அணு எண்ணை வைத்து வரிசைப்படுத்திச் சூட்டிய பெயர். ஒளி எந்தப் பக்கம் திரும்பும் என்பதைக் கருவியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆர் என்றால் வலப்பக்கம் திருப்பும் என்று நினைத்துக்கொண்டே நான் டிகிரி வாங்கியிருக்கிறேன்.

20 மே, செவ்வாய்

கீழமாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் சதகுப்பை வாங்கினேன். வரும் வழியில் ஒரு கட்டுப் புதினா. இரண்டின் வாசனைக்கும் முக்கியக் காரணம் கார்வோன் என்ற சேர்மம். புதினாவில் ஆர் வகை, சதகுப்பையில் எஸ் வகை. ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம், கொதிநிலைகூட ஒன்றுதான். மூக்கு மட்டும் பிரித்துவிடுகிறது. மணத்தை வாங்கும் ஏற்பிகள் புரதங்கள், அந்தப் புரதங்களே ஒரே கை வகையைச் சேர்ந்த அமினோ அமிலங்களால் ஆனவை. வலக்கை உறைக்குள் இடக்கை சரியாக நுழையாதே. உயிரியலும் கரிம வேதியியலும் எனக்குள் முதல்முறையாக ஒரே பாடமானது இங்கேதான்.

கண்ணை மூடச் சொல்லி அத்தையிடம் நீட்டினேன். “இது புதினா. இது பிள்ளை பெத்தவளுக்கு இடிச்சுக் குடுக்குறது. ரெண்டும் ஒண்ணுன்னா சொல்ற?”

ஒன்றுதான், ஒன்று சோத்தாங்கை, மற்றது பீச்சாங்கை என்றேன்.

“இதுல பீச்சாங்கை எது?”

புதினா என்று சொல்ல வாயெடுத்தேன். அது ஒளியை இடப்பக்கம் திருப்புவது. ஆனால் அதற்கு வைத்த எழுத்து ஆர், வலஞ்சுழியான வரிசையைக் குறிக்கும் எழுத்து. எதைச் சொல்வது என்று யோசித்து நிமிர்வதற்குள் அத்தை அடுத்த கண்ணியைப் போட்டிருந்தார்.