குப்புறக் கிடந்து கேட்டது

மார்ச் 3, இரவு

கண்ணில் அறுவை சிகிச்சை செய்து உள்ளே ஒரு வாயுக் குமிழியை வைத்திருக்கிறார்கள். அது சரியான இடத்தில் நிற்க நான் குப்புறக் கிடக்க வேண்டும். தம்பி தட்டச்சு செய்கிறான். நான் தரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டிருக்கிறேன். மணிக்கு ஐம்பது நிமிஷம் குப்புற. மீதிப் பத்து நிமிஷத்தில் சாப்பாடு, குளியலறை, சொட்டு மருந்து. படிக்கக் கூடாது. திரை கூடாது. கேட்பதற்குத் தடையில்லை.

மார்ச் 4

"இந்த நேரத்துல எதுக்குக்கா பேய்ப் பட மியூசிக்?" என்றான். பேய்ப் படம் இல்லடா, ஹிட்ச்காக்கோட 'சைக்கோ', 1960ல வந்தது என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று முனகிக்கொண்டே போட்டுக் கொடுத்தான்.

அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் முக்கியமான இடங்களில் கண்ணை மூடிக்கொண்டேன். காது மட்டும் திறந்திருந்தது. அதனால் எனக்கு அந்தப் படம் என்றால் பாதிக்கு மேல் சத்தம்தான். காட்சி இல்லாமல், கதை இல்லாமல், இந்த இசை தன் காலில் நிற்குமா? பல வருஷமாகத் தெரிந்துகொள்ள நினைத்த விஷயம். இப்போது வேறு வேலை எதுவும் இல்லை.

பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து எழுதியது. வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ். ஊதுகிற வாத்தியம் ஒன்று கிடையாது, தட்டுகிற வாத்தியம் ஒன்று கிடையாது. கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் சத்தமும் கறுப்பு வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. என்னிடம் இருப்பது படத்தில் ஒலித்த பதிவு அல்ல. 1975இல் லண்டனில் நேஷனல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை அவரே நடத்தி மறுபடி பதிவு செய்தது.

முதல் துண்டு முடிவதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 5, விடியற்காலை

தூக்கம் இல்லை. குமிழி நடுவில் நிற்கிறது.

மார்ச் 5, மதியம்

மறுபடி முதலிலிருந்து. படத்தில் கேட்டதைவிட இது மெதுவாகப் போகிறது. முதலில் எரிச்சல். எழுத்துகள் ஓடும்போது வருகிற அந்த வெட்டு வெட்டான ஓட்டம் என் ஞாபகத்தில் மூச்சிரைக்க வைப்பது. இங்கே அதற்கு அவ்வளவு அவசரம் இல்லை. வயசான கை நடத்துகிறது, அதனால்தான் தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகுதான் ஒன்று உறைத்தது. படத்தில் இசை காட்சியின் வேகத்துக்குக் கட்டுப்பட்டது. இங்கே அதைத் துரத்த யாரும் இல்லை. அந்தப் பெண் திருடிய பணத்தோடு கார் ஓட்டிக்கொண்டு போகும் இடங்களில் இதே ஓட்டம் திரும்பத் திரும்ப வரும். இசையை எடுத்துவிட்டால் அந்தக் காட்சி ஒரு பெண் கார் ஓட்டுகிறாள், அவ்வளவுதான். பயம் முழுக்க இசையில் இருக்கிறது. அப்படியானால் படத்தை எடுத்துவிட்டாலும் பயம் மிஞ்ச வேண்டும் இல்லையா? மிஞ்சுகிறது. வேகம் குறைந்ததால் உள்ளே இருக்கும் தந்திகள் தனித்தனியாகக் கேட்கின்றன.

ஆனால் குறை சொல்லியே ஆக வேண்டும். தலைப்பில் ஒரு தடவை, அவள் ஓடும்போது ஒரு தடவை, போலீஸ் கார் வரும்போது ஒரு தடவை, மழையில் ஒரு தடவை. படத்தில் இடையில் வசனம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். ஆல்பத்தில் மழைக்கு வந்து சேருவதற்குள் எனக்குச் சலித்துவிட்டது.

மார்ச் 6

இன்று எதுவும் கேட்கவில்லை. குமிழி ஆடுகிறது. தலையைத் தூக்கினால் கீழே சரிகிறது, குனிந்தால் நடுவுக்கு வருகிறது. விளிம்பு கறுப்பாக, வழவழப்பாக, கண்ணாடியில் ஒட்டிய தண்ணீர்த் துளி மாதிரி. அதற்குள் என் செருப்பு தெரிகிறது. செருப்பு என்று எனக்குத் தெரிந்திருப்பதால் செருப்பாகத் தெரிகிறதா, உண்மையிலேயே தெரிகிறதா? இதையே காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். தம்பியை வேறு ஏதாவது ஒரு பொருளை, என்னவென்று சொல்லாமல், தரையில் வைக்கச் சொன்னேன். வைத்தான். சொல்ல முடியவில்லை. வெளிச்சம் போதவில்லை என்றான் அவன். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 7

கொலை.

அந்தப் பெண்ணைக் குளியலறையில் குத்திக் கொல்லும் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொன்னார். குளியலறை, தண்ணீர்ச் சத்தம், அவ்வளவு போதும் என்று. ஹெர்மன் எழுதிக்கொண்டு வந்து காட்டிய பிறகு மனசை மாற்றிக்கொண்டார்.

தனியாகக் கேட்டால் இது ரொம்பச் சின்னது. தொடங்கியது தெரிவதற்குள் முடிந்துவிடுகிறது. பெரிதாக ஒன்றை எதிர்பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஏமாந்துபோனேன். அந்தக் கீச்சிடல் இப்போது யாருக்கும் சொந்தமில்லாத சத்தமாகிவிட்டது. படத்தைப் பார்க்காத குழந்தைகள்கூடக் கையைக் கத்தி மாதிரி வைத்துக்கொண்டு அதை வாயால் செய்கிறார்கள். காதில் விழுந்த உடனே "ஆ, இது அதுதானே" என்று மூளை சொல்லிவிடுகிறது. அப்புறம் எங்கிருந்து பயப்பட.

ஐந்தாறு தடவை கேட்டேன். ஒன்று கவனித்தேன். மேலே வயலின்கள் ஆரம்பிக்கின்றன, ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இருக்கிற வாத்தியங்கள் வந்து சேருகின்றன. மாடிப்படியில் கூட்டம் இறங்குகிற மாதிரி. எல்லாம் சேர்ந்ததும் மறுபடி மேலிருந்து, இந்தத் தடவை வழுக்கி வழுக்கி. பிறகு வயலின்கள் சட்டென்று நின்றுபோகின்றன. செல்லோவும் பாஸும் மட்டும், கனமாக, இடைவெளி விட்டு விட்டு. யாரும் கேலிக்கு வாசிக்காத பகுதி இது. கத்தி போய்விட்டது, ஆள் மட்டும் கிடக்கிறாள். இங்கேதான் எனக்குக் கை சில்லிட்டது.

இன்னொன்று. வயலினில் தந்திகளைத் தாங்குகிற குதிரை மேல் ம்யூட் என்று ஒரு சின்னக் கட்டையை மாட்டினால் சத்தம் அமுங்கி, மூக்கடைத்த மாதிரி வரும். ஹெர்மன் தொடக்க இசைக்கே அதை மாட்டச் சொல்லிவிட்டார். அவ்வளவு ஆவேசமான ஓட்டம், அமுக்கி வைத்த சத்தத்தில். கொலையில்தான் கழற்றுகிறார்கள். அதனால் அது உரக்க வாசிப்பதாகத் தோன்றுவதில்லை, வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்த மாதிரி இருக்கிறது. முன்னால் உள்ள துண்டுகளைக் கேட்காமல் இதை மட்டும் போட்டால் இது புரியாது.

தம்பி கதவோரத்தில் நின்று, "போதும்க்கா" என்றான்.

மார்ச் 8

நாலு நிமிஷம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முகம் பன்னாக வீங்கியிருக்கிறதாம்.

மார்ச் 9

ஒப்பிட்டுப் பார்க்க வேறு இரண்டு.

மைக் ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்'. பத்தொன்பது வயசுப் பையன் கிட்டத்தட்ட எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்துப் பதிந்தது. 1973 மே மாதம் வெளியானது. அதே வருஷம் டிசம்பரில் 'தி எக்ஸார்சிஸ்ட்' என்ற பேய்ப் படம் வந்தது, அந்த ஆல்பத்தின் தொடக்கத்திலிருந்து கொஞ்சம் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அவன் பேயை நினைத்து எழுதவில்லை. இன்று குப்புறக் கிடந்து கேட்டால் அது அழகாக, கொஞ்சம் தனிமையாக, மணி மணியாக இருக்கிறது. ஆனால் படம் பார்த்தவன் காதில் அது விழுகிற விதமே வேறு. பயம் இசைக்குள் இருந்ததே இல்லை, வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியது. ஐம்பது வருஷமாகியும் உரிக்க முடியவில்லை.

இன்னொன்று ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்', 1978. படத்தை எடுத்தவரே இசையும் போட்டார். அப்பா சிறுவயதில் பாங்கோவில் சொல்லிக்கொடுத்த ஐந்து அடித் தாளம், அதைப் பியானோவுக்குக் கொண்டுபோனார். கட்டில் காலில் விரலால் தட்டிப் பார்த்தேன். தகிட தகிட தக தக. தகிட தகிட தக தக. அரை அடிக் கணக்கில் மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. காது நாலை எதிர்பார்க்கிறது, அது நாலில் நிற்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி தவறுகிறது. இதற்குப் படமே தேவையில்லை, காலில் நடுக்கம் தானாக வருகிறது. ஆனால் முழு ஆல்பத்துக்கும் கைச்சரக்கு கொஞ்சம்தான். மூன்றாவது துண்டுக்கு மேல் என் கவனம் குமிழிக்குப் போய்விட்டது.

ஹெர்மனைக் கேட்டபோது அப்படிப் போகவில்லை. அது வித்தியாசம்.

மார்ச் 10

போன் செய்தோம். பதினைந்தாம் தேதிக்கு முன்னால் எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள். ஓரத்தில் மின்னுவது இயல்பா என்று கேட்டேன். "வந்ததும் பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார்கள். பாத்துக்கலாம்! இந்த வார்த்தையை என்னிடமா.

மார்ச் 11, இரவு

மூன்று ஸ்வரம்.

படத்தில், விடுதி அறையில் அதை நடத்துகிறவனும் பணத்தோடு ஓடிவந்த அவளும் உட்கார்ந்து பேசுவார்கள். அவன் அம்மாவை எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாமே என்று அவள் சொன்னதும் அவன் முகம் மாறும். அந்த இடத்துத் துண்டு. ஒரு ஸ்வரம். அங்கிருந்து ஒரே தாவலில் மேலே. அப்புறம் விழுகிறது, தாவிய அளவோடு நிற்கவில்லை, புறப்பட்ட இடத்துக்கும் கீழே. அவ்வளவுதான். நடையும் இல்லை, தாளமும் இல்லை. படத்தில் இதை நான் கவனித்ததே கிடையாது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நேற்றிலிருந்து எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. இந்த ஆல்பத்தின் உயிர் இதில் இருக்கிறது, கீச்சிடலில் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். கீச்சிடலுக்கு ஒரு குளியலறை வேண்டும், திரை வேண்டும், கை வேண்டும். இதற்கு எதுவும் வேண்டாம். இருட்டில் ஒருத்தி குப்புறக் கிடந்தால் போதும்.

ஹெர்மனாலும் இதை விட முடியவில்லை. 1936இல் தந்தி வாத்தியங்களுக்கு அவர் எழுதிய ஒரு சின்ஃபோனியட்டாவிலிருந்து, அதாவது குட்டி சிம்பொனியிலிருந்து, எடுத்துத்தான் இந்தத் துண்டையே செய்தார். இளைஞனாக எழுதியதை இருபத்துநாலு வருஷம் கழித்து ஒரு படத்துக்குள் வைத்தார். இந்த ஆல்பத்தைப் பதிந்த அதே 1975இன் கடைசியில் 'டாக்ஸி டிரைவர்' இசையை எழுதி முடித்தார். அதன் கடைசியில், எல்லாம் அடங்கிப்போன மாதிரி தோன்றுகிற இடத்தில், இதே மூன்று ஸ்வரம் வருகிறது. ஒலிப்பதிவை முடித்துவிட்டுப் போய்ப் படுத்தார். டிசம்பர் 24. எழுந்திருக்கவில்லை.

வயசான கை, தளர்ந்துவிட்டது என்று அன்றைக்குச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். தம்பி, அதை அழிக்காதே. அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 12

துண்டுகளின் பெயர்களை வரிசையாகத் தமிழில் சொல்லச் சொன்னேன். படித்தான்: "துவாரம். குளியலறை. கொலை. உடல். அலுவலகம். திரை. தண்ணீர். கார். சதுப்பு நிலம்." படம் மொத்தமும் இந்த ஒன்பது வார்த்தைக்குள் வந்துவிட்டது. இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பெரும்பாலும் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷத் துண்டுகள். ஆல்பமாக இதுதான் பெரிய பலவீனம். ஒரு நினைப்பு பிடிபடுவதற்குள் அறுந்துவிடுகிறது, அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு மௌனம். அந்த மௌனத்தில் வீட்டுச் சத்தம் கேட்கிறது. குழாய் சொட்டுகிறது.

மார்ச் 13

குமிழி சுருங்கியிருக்கிறது. நிமிர்ந்தால் ஒரு கோடு, தண்ணீர் மட்டம் மாதிரி. கோட்டுக்கு மேலே ஜன்னல் கம்பி. எண்ணினேன். ஆறு. தம்பி ஏழு என்கிறான்.

மார்ச் 13, இரவு

ஆறுதான்.

மார்ச் 14

சாயங்காலம் முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில், நிறுத்தாமல். ஒரு மணி நேரம். ஐம்பது நிமிஷக் கணக்கைத் தாண்டி அப்படியே கிடந்தேன். மாடிப்படித் துண்டில் வயலின்கள் மேலே, நடுவில் ஒன்றுமே இல்லாமல், பாஸ் கீழே. நடுவில் இருக்கும் அந்த வெற்றிடத்தில்தான் படத்தில் வருகிற அந்த வீடு இருக்கிறது. பார்க்காமலே அதில் ஏறினேன். எந்தப் படி கிறீச்சிடும் என்றுகூடத் தெரிந்த மாதிரி இருந்தது.

கடைசித் துண்டில் மூன்று ஸ்வரமும் அடியில், ரொம்ப அடியில் வருகிறது. பிறகு எல்லாத் தந்தியும் சேர்ந்து ஒரு சத்தம். அது எங்கேயும் போய் உட்காரவில்லை. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத ஸ்வரங்கள் அப்படியே தொங்கிக்கொண்டு நிற்க, நின்றுவிடுகிறது. முடிந்ததா என்று ஹெட்ஃபோனைக் கழற்றாமல் காத்திருந்தேன்.

"நாளைக்கு எட்டு மணிக்கு வண்டி சொல்லிட்டேன்கா. தூங்கு" என்றான்.

மார்ச் 15, காலை

கண்பாவையை விரிக்கச் சொட்டு விட்டுவிட்டார்கள். அரை மணி நேரம் ஆகும். தம்பி போனைக் கொடுத்திருக்கிறான், சொல்லச் சொல்ல அதுவே எழுதுகிறது. வலது காதில் மட்டும் மாட்டியிருக்கிறேன், பெயரைக் கூப்பிட்டால் இன்னொரு காதில் கேட்க வேண்டும். மூன்று ஸ்வரத்தைத்தான் போட்டிருக்கிறேன். மேலே போகிறது. கூப்பிடுகி