அம்மா ஐந்தாவது லேன், மகள் இரண்டாவது லேன்

மதுரையில் இருந்துகொண்டு மகளை நீச்சல் போட்டிக்கு அனுப்புகிறேன் என்று சொன்னால் கேட்பவர்களுக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கே வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டிய ஊர் இது. "எங்க நீந்துவா, மேம்பாலத்துக்கு அடியிலயா?" என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு கணக்கு நோட்டைப் பார்க்கக் குனிந்துகொண்டேன். அவரிடம் பேக்ஸ்ட்ரோக், ஹீட், லேன் என்றெல்லாம் எங்கே போய் ஆரம்பிப்பது?

பாப்பாவுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. அவளுடைய நீச்சல் பேக்ஸ்ட்ரோக், அதாவது மல்லாந்து நீந்துவது. அதிகாலைப் பயிற்சி, ஸ்கூட்டி, ஈரத் துண்டு, வகுப்பில் தூக்கம் எல்லாம் நீச்சல் பிள்ளை இருக்கிற எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதை விட்டுவிடலாம். பெண் பிள்ளை என்பதால் கூடுதலாகக் கேட்க வேண்டியிருப்பதைத்தான் சொல்ல வேண்டும். குளோரின் பட்டுப் பட்டு முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. எவ்வளவு எண்ணெய் வைத்துத் தொப்பி போட்டாலும் பிரயோசனம் இல்லை, கடைசியில் காது வரைக்கும் வெட்டிவிட்டோம். அடுத்தது நிறம். கல்யாண வீடுகளில் "ஏன் இப்படிக் கறுத்துப் போயிட்டா?" என்று கேட்காத ஆளே இல்லை. அப்புறம் தோள். பட்டுப் பாவாடைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்த இடத்தில் டெய்லர் அக்கா டேப்பை இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டு, "அளவு சரிதானே, உங்க பொண்ணுக்குத்தானே?" என்றார். அந்தத் தோள் எனக்கு எவ்வளவு பெருமை என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. "சரிதான், இன்னும் அரை இஞ்சு விட்டே தைங்க, வளருவா" என்று மட்டும் சொன்னேன்.

பேக்ஸ்ட்ரோக்கில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. மல்லாந்து நீந்துகிறவளுக்குச் சுவர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதற்காகவே சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி, தண்ணீருக்கு மேலே குறுக்காகக் கொடிகள் கட்டியிருப்பார்கள். கொடி தலைக்கு மேல் தெரிந்ததும் எத்தனை கை போட்டால் சுவர் வரும் என்பது ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. பாப்பாவுக்கு முன்பு ஐந்து கை. இந்த வருஷம் உயரம் கூடியதில் கணக்கு தப்பிப்போய், ஐந்தாவது கைக்கு விரல் முட்டி சுவரில் இடித்து வீங்கிவிட்டது. கோச் எதுவும் சொல்வதற்கு முன்னால் அவளே ஒரு வாரம் கொடியிலிருந்து சுவர் வரைக்கும் மட்டும் திரும்பத் திரும்ப நீந்தி, நாலு கை என்று கண்டுபிடித்தாள். வீட்டில் படுக்கையில் மல்லாந்து கிடந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டே "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, திரும்பு" என்று சொல்லிக்கொண்டிருந்ததை நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். கணக்குப் பாடத்தில் அவள் வாங்குகிற மார்க் வேறு கதை.

மாவட்ட அளவிலான போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவள் பெரிய மனுஷி ஆனாள்.

எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. தாய்மாமன் பச்சை ஓலை கொண்டுவந்து குச்சு கட்ட வேண்டும், பதினாறு நாள் தனியாக உட்கார வைக்க வேண்டும், அப்புறம் மண்டபம், சீர், தட்டு, ஃப்ளெக்ஸ். என் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்ன பத்து நிமிஷத்தில் அவர் மண்டபம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டுமாம். பாப்பா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "மீட்டுக்குப் போகலாமா, கூடாதா?"

நான் என் மாமியாரைப் பார்த்தேன். அத்தை சோழவந்தான் பக்கம். கால்வாய்ப் பாசனம், வெற்றிலைக் கொடிக்கால், வீட்டுக்கு வீடு கிணறு என்று வளர்ந்தவர். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி அவருடைய அப்பா கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் பழக்கினாராம். ஒரு வாரத்தில் குடுக்கையை அவிழ்த்துவிட்டு, முங்கு நீச்சலில் தரையிலிருந்து மண் அள்ளிக்கொண்டு வருவாராம். இந்தக் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் எப்போது நீந்துவதை விட்டார் என்று யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு அவரே சொன்னார்: "நான் ஒக்காந்தப்ப நின்னதுதான். அப்புறம் கெணத்துப் பக்கம் தண்ணி எடுக்கத்தான் போனேன்."

அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நேரே பேரத்துக்கு வந்துவிட்டார். ஒன்பதாம் நாள் வீட்டோடு தலைக்குத் தண்ணி ஊத்துவது, மண்டப விசேஷத்தை ஆவணிக்குத் தள்ளுவது. அண்ணன் போனில் குதித்தார். பதினாறு நாள் தீட்டு கழியாமல் தண்ணீரில் இறங்கலாமா என்று அண்ணி பின்னாலிருந்து கேட்டது எங்களுக்கும் கேட்டது. அத்தை போனை வாங்கி, "ஏம்ப்பா, நாம ஊத்துறது ஒரு கொடம். அவ போய் முங்குறது ஒரு கொளம். எதுல நல்லாக் கழியும்?" என்றார். அந்தப் பக்கம் பதில் வரவில்லை.

அந்த ஒன்பது நாளும் சாப்பாடு மட்டும் முறைப்படி நடந்தது. உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை. கோச் மாதக்கணக்காக "புரோட்டீன் கொடுங்க மேடம்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்ததை அத்தை ஒன்பதே நாளில் ஈடுகட்டிவிட்டார். பத்தாம் நாள் காலை பாப்பா குளத்தில் இருந்தாள். மாதவிடாய் நாட்களில் பயிற்சியை எப்படிச் சமாளிப்பது என்பதைச் சீனியர் பெண் பிள்ளைகளே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்ததைவிட அவர்கள் தெளிவாகச் சொன்னார்கள்.

போட்டி நாள். எங்கள் ஊர்ப் போட்டிகளில் சுவரில் தொடுபலகை வைத்துத் தானாக நேரம் எடுக்கும் ஏற்பாடு கிடையாது, கையால் அழுத்தி எடுப்பதுதான். ஒரு லேனுக்கு, அதாவது ஒருவர் நீந்துகிற தடத்துக்கு, மூன்று பேர் ஸ்டாப் வாட்ச்சோடு நிற்க வேண்டும். ஆறு லேனுக்குப் பதினெட்டு பேர். ஆள் பற்றவில்லை என்று மைக்கில் பெற்றோர்களைக் கூப்பிட்டார்கள். நான் கை தூக்கினேன். ஸ்டார்ட் விசிலை எதிர்பார்த்து முன்னாலேயே அழுத்தக் கூடாது, உடம்பின் எந்தப் பகுதி சுவரைத் தொட்டாலும் அந்த நொடியில் நிறுத்த வேண்டும், பக்கத்து ஆளின் வாட்ச்சை எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு என்னை ஐந்தாவது லேனில் நிறுத்தினார்கள். பாப்பாவுக்கு 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் இரண்டாவது லேன்.

லேன் எண்ணுக்கும் அர்த்தம் உண்டு. ஆறு லேன் குளத்தில் முன்பு எடுத்த நேரப்படி வேகமானவருக்கு மூன்றாவது லேன், அடுத்தவருக்கு நான்காவது, அப்புறம் இரண்டு, ஐந்து, ஒன்று, ஆறு. போன வருஷம் பாப்பா ஆறாவது லேனில் ஓரமாக நீந்தினாள். "ஏன் எப்பவும் எம் பேத்தியச் செவத்தோரம் தள்ளி விடுறாங்க?" என்று அத்தை சண்டைக்கே போய்விட்டார். இந்த முறை இரண்டாவது லேன் என்றதும், யாருக்கு எந்த லேன் என்று போட்டிருக்கும் ஹீட் ஷீட்டை வாங்கி மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார்.

விசில் ஊதியது. அழுத்தினேன். ஆறு பேரும் பின்பக்கமாகப் பாய்ந்தார்கள். என் லேனில் இருந்தது முன்பின் தெரியாத ஒரு பிள்ளை, சிவப்புத் தொப்பி. போகிற ஐம்பது மீட்டர் வரை திருட்டுத்தனமாக இரண்டாவது லேனைப் பார்த்துக்கொண்டேன். திரும்புகிற இடம் எதிர்ப்பக்கம், அங்கே கொடிக்கு அடியில் தண்ணீர் தெறிப்பதுதான் தெரிந்தது. நாலு கை எண்ணினாளா, ஐந்து எண்ணினாளா, இங்கிருந்து எப்படித் தெரியும்? திரும்பி வருகிற ஐம்பதில் எனக்கு வேறு வழியில்லை. ஐந்தாவது லேனுக்கு நேராகக் குனிந்து சுவரையே பார்க்க வேண்டும். கேலரியில் என் வீட்டுக்காரர் கத்துவது மட்டும் கேட்டது. சாதாரணமாகக் கடையில் ஜெராக்ஸ் மெஷின் சத்தத்துக்கு மேல் குரலே உயர்த்தாதவர். யாரோ தொட்டுவிட்டார்கள், யாரென்று நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சிவப்புத் தொப்பியின் விரல் சுவரில் பட்டது, நிறுத்தினேன்.

1:26.41. பக்கத்தில் நின்றவருக்கு 1:26.38, அடுத்தவருக்கு 1:26.55. மூன்றும் வேறாக இருந்தால் நடுவில் இருக்கிற நேரம்தான் அதிகாரபூர்வமானது. ஆக, அந்தப் பிள்ளையின் நேரம் என் கட்டைவிரல் எடுத்த நேரம். அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அதன் அம்மா கம்பிக்கு அந்தப் பக்கம் ஓடிவந்து, "அக்கா, எவ்வளவு?" என்றார். சொன்னேன். "இருபத்தேழுக்குக் கீழயா!" என்று கம்பிக்கு மேலேயே என் தோளைப் பிடித்துக்கொண்டார். என் மகளின் நேரம் அப்போதுகூட எனக்குத் தெரியாது. இரண்டாவது லேனில் யாரோ மூன்று பேர், அவர்களும் யாரோ பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள், குனிந்து அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

1:21.93. அவளுடைய பழைய நேரம் 1:24.08. எல்லா ஹீட்டையும், அதாவது ஆறு ஆறு பேராகப் பிரித்து விட்ட எல்லா ஓட்டத்தையும், சேர்த்து நேரத்தை வரிசைப்படுத்தியதில் நான்காவது இடம். மூன்றாவது வந்த பிள்ளைக்கும் அவளுக்கும் 0.12 வினாடிதான் வித்தியாசம்.

"கையால் எடுக்கிற நேரத்தில் 0.12 எல்லாம் ஒரு வித்தியாசமா, புகார் கொடுங்க" என்று கேலரியில் ஒரு அப்பா எங்களுக்கு ஆலோசனை சொன்னார். ஒவ்வொரு போட்டியிலும் இப்படி ஒருவர் இருப்பார். போன் ஸ்டாப் வாட்ச்சில் எல்லார் பிள்ளையின் நேரமும் வைத்திருப்பார், தன் பிள்ளை தண்ணீரை விட்டு ஏறியதும் முதல் வார்த்தையாகத் தவறைச் சொல்வார். எனக்கு அவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் இன்னும் பாவமாக இருக்கிறது. நீச்சலில் கணக்கு அப்படித்தான் முடியும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் நாலு வகை நீச்சலும் சேர்ந்த 400 மீட்டர் தனிநபர் மெட்லியில் ஸ்வீடனின் லார்சனும் அமெரிக்காவின் மெக்கீயும் ஒரே நேரத்தில் முடிக்க, ஆயிரத்தில் இரண்டு பங்கு வினாடியில் லார்சனுக்குத் தங்கம் கொடுத்தார்கள். அவ்வளவு நுணுக்கமாக எல்லா லேனையும் ஒரே நீளத்தில் கட்டவே முடியாது என்று அதற்கப்புறம் நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். இப்போது சமம் என்றால் இரண்டு பேருக்கும் பதக்கம்.

கேலரி அப்பாக்களில் எனக்குப் பிடித்தவர் ஒருவர் உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவின் சாட் லெ க்ளோ, 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் மைக்கேல் ஃபெல்ப்ஸை 0.05 வினாடியில் ஜெயித்தபோது, அவருடைய அப்பா பெர்ட் தொலைக்காட்சியில் பேசியதைத் தேடிப் பாருங்கள். நேரம், டெக்னிக் ஒன்றும் கிடையாது. மகனைக் காட்டிக் காட்டிச் சின்னப் பிள்ளை போல பூரிக்கிறார், அவ்வளவுதான். அந்த மனுஷனை எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காது.

ஆனால் நான் அதிகம் நினைப்பது நெய்வேலியில் இருந்த ஓர் அம்மாவை. 2021இல் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1:56.38இல் நீந்தி, ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி தரும் 'ஏ' நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் சஜன் பிரகாஷ். தகுதி நேரம் 1:56.48, அதாவது பத்தில் ஒரு பங்கு வினாடி உள்ளே. கேரளக் குடும்பம்தான், வளர்ந்ததும் நீச்சல் பழகியதும் நம் நெய்வேலியில். அம்மா சாந்திமோள் தடகள வீராங்கனை, என்.எல்.சி.யில் வேலை. தானே ஓடிய அம்மா என்பதால் அந்தப் பத்தில் ஒரு பங்கு என்னவென்று அவருக்கு யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. எனக்கு அந்த அனுபவம் இல்லை. எனக்கு நீச்சலே தெரியாது. பாப்பா என்னை இறங்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், பார்க்கலாம்.

தண்ணீரை விட்டு ஏறி வந்தவள் பதக்கத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நாலு கைதாம்மா, கரெக்டா வந்துச்சு" என்றாள். அப்புறம் பசிக்கிறது என்றாள். அத்தை தூக்குவாளியில் கொண்டுவந்திருந்த இட்லியைக் குளத்து வாசலிலேயே உட்கார்ந்து காலி செய்தாள்.

"நாலாவதுக்கு என்ன குடுப்பாங்க?" என்று அத்தை கேட்டார்.

"ஒண்ணும் இல்ல அப்பத்தா. சர்டிஃபிகேட்தான்."

"மூணாவதா வந்தவளுக்குச் சடங்கு ஆயிருச்சா?"

பாப்பாவுக்குப் புரையேறிவிட்டது.

அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் அவள் படத்தைப் போட்டு, கீழே வெறும் 1:21.93 என்று மட்டும் எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தார். நான்காவது என்று எழுதினால் ஆறுதல் சொல்லுவார்கள், அது வேண்டாம் என்பது அவர் கட்சி. ஐந்து நிமிஷத்தில் என் அண்ணன் பதில் அனுப்பினார்: "எந்த ட்ரெயின் மாப்ள? யார் வர்றாங்க?"

இவர் உடனே போன் போட்டு விளக்க ஆரம்பித்தார். மூன்று வாட்ச், நடுவில் இருக்கிற நேரம், 1:24லிருந்து 1:21க்கு வருவதற்கு என்னென்ன செய்ய வேண்டும், கொடி, நாலு கை என்று அரை மணி நேரம், மொட்டை மாடியில் நடந்துகொண்டே. நான் துணி எடுக்கப் போனபோது ஸ்பீக்கரில் அண்ணன் குரல் கேட்டது.

"அதெல்லாம் சரி மாப்ள. ஆவணியில மண்டபத்துக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கணும். அதுல இந்த நம்பரப் போடவா, வேண்டாமா?"