மூன்று மில்லிமீட்டர் முகம்

இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் சிறு பிளாஸ்டிக் மாதிரி முடிந்துவிட்டது. கடைசிப் பூச்சான மங்கல் வார்னிஷ் காய்ந்து, லேப் மேசைக்கு மேலுள்ள தட்டில் நிற்கிறது. இறக்கை நுனியிலிருந்து நுனிவரை 156 மில்லிமீட்டர், மூக்கிலிருந்து வால்வரை 127. உண்மை விமானத்தின் 11.23 மீட்டரையும் 9.12 மீட்டரையும் 72ஆல் வகுத்தால் வரும் அளவுகள் இவை. இந்த 72 என்ற எண் அடி-அங்குலக் கணக்கிலிருந்து வந்தது. ஆறடி என்பது 72 அங்குலம். ஆக, இந்த அளவில் ஆறடி மனிதன் சரியாக ஓர் அங்குல உயரம் நிற்பான்.

திருச்சி தில்லை நகரில் பல் செட் செய்வது என் தொழில். மெழுகிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலும் அக்ரிலிக்கிலும் பழகிய கை. சவுத்தாம்டனில் நர்ஸாக இருக்கும் என் தம்பி விடுமுறைக்கு வந்தபோது ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் மாதிரி விமானப் பெட்டி ஒன்றைக் கொடுத்து, "அண்ணா, இது உங்கள் கைக்குத்தான்" என்றான். ஸ்பிட்ஃபயர் மார்க் ஒன், பசையும் தூரிகையும் சிறு வண்ணக் குப்பிகளும் சேர்ந்த தொடக்கநிலைப் பெட்டி. அவன் குடியிருக்கும் ஊரின் வூல்ஸ்டன் பகுதியில்தான் ஸ்பிட்ஃபயரை உருவாக்கிய சூப்பர்மரீன் தொழிற்சாலை இருந்தது. உண்மையான முதல் சோதனை விமானம் 1936 மார்ச் 5 அன்று பக்கத்திலுள்ள ஈஸ்ட்லீயிலிருந்து பறந்தது. வடிவமைத்த ரெஜினால்ட் மிட்செல் அடுத்த ஆண்டே புற்றுநோயால் இறந்தார், 42 வயதில். போரில் அது என்ன செய்தது என்பதை அவர் பார்க்கவே இல்லை.

பெட்டிக்குள் சாம்பல் நிறச் சட்டங்களில் பாகங்கள் கோத்துக் கிடக்கும். நறுக்கும்போது பாகத்தை ஒட்டி வெட்டக் கூடாது. கொஞ்சம் காம்பு விட்டு வெட்டி, மிச்சத்தை உப்புத்தாளில் தேய்த்து எடுக்க வேண்டும். பசை விஷயம் எனக்குப் பழக்கமானது. பாலிஸ்டைரீன் பசை இரண்டு விளிம்புகளையும் கரைத்து ஒன்றோடொன்று கலக்கவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடுகிறது. உடைந்த பல் செட்டுக்கு நாங்கள் மோனோமர் என்ற அக்ரிலிக் திரவம் தடவுவதும் இதே தத்துவம்தான். எனவே கொஞ்சமாகத் தடவினால் போதும், அழுத்திப் பிடித்திருக்கும் நேரம்தான் முக்கியம்.

காக்பிட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விமானி உட்கார்ந்துவிட்டால் உள்ளே எதுவும் தெரியாது. இறக்கைதான் என்னை நிறுத்தி வைத்தது.

ஸ்பிட்ஃபயரின் நீள்வட்ட இறக்கையை எல்லோரும் அழகு என்பார்கள். கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தால் அதன் நியாயம் புரிகிறது. வேகத்துக்கு இறக்கை மெல்லியதாக இருக்க வேண்டும். மடக்கிய சக்கரமும் எட்டு இயந்திரத் துப்பாக்கிகளும் அதற்குள்ளேயே அடங்கவும் வேண்டும். நீள்வட்டத்தில் அடிப்பகுதி அகலமாகவே வருவதால், மெல்லிய இறக்கைக்குள்ளும் இடம் கிடைத்துவிடுகிறது. மிட்செலின் குழுவில் இதைக் கணக்கிட்டவர் கனடாக்காரரான பெவர்லி ஷென்ஸ்டன். இறக்கைகள் உடலிலிருந்து ஆறு பாகை மேல்நோக்கிச் சாய வேண்டும். ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் தாழ்ந்தாலும் முன்னாலிருந்து பார்க்கும்போது விமானம் நொண்டும். இரண்டு நுனிகளுக்கும் கீழே ஒரே கனமுள்ள புத்தகங்களை முட்டுக் கொடுத்து இரவு முழுக்க விட்டேன்.

இறக்கையின் அடிப்பக்கம் சமச்சீராக இல்லை. வலது இறக்கைக்குக் கீழே அகலமான பெட்டி, இடது இறக்கைக்குக் கீழே சிறு குழாய். தாடையின் இடமும் வலமும் பொருந்துகின்றனவா என்று பார்த்தே பழகிய கண்ணுக்கு இது உடனே உறுத்தியது. வலதில் இருப்பது என்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர், இடதில் எண்ணெயைக் குளிர்விக்கும் அமைப்பு. தரையில் ஓடும்போது இறக்கிய சக்கரத்தின் கால் ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்கும். அதிக நேரம் காத்திருந்தால் என்ஜின் கொதித்துவிடும். சக்கரங்களும் உடலுக்கு நெருக்கமாக முளைத்து வெளிப்பக்கமாக மடிகின்றன. நிற்கும் நிலை குறுகலானதால் தரையில் தடுமாறக்கூடிய விமானம். மேலே அத்தனை லாவகமானதற்குக் கீழே இத்தனை சிரமமா என்று மாதிரியை மேசையில் நிறுத்திய கணம் தோன்றியது.

வண்ணத்துக்கு வருகிறேன். மேலே அடர் மண்நிறமும் அடர் பச்சையும், கீழே பச்சை கலந்த வெளிர் நிறமான 'ஸ்கை'. 1940 ஜூனில்தான் போர் விமானங்களுக்கு இந்த அடிநிறம் வந்தது. அதற்கு முன்பு அடிப்பக்கத்தில் ஒரு பாதி கறுப்பு, மறு பாதி வெள்ளை. தரையிலிருந்து சுடுபவர்கள் நம் விமானம் என்று அடையாளம் காண்பதற்கான ஏற்பாடு அது. தூரிகையில் அடிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பெயின்டை நன்றாக நீர்க்க வைத்து, பல மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். முதல் பூச்சு திட்டுத் திட்டாகத்தான் தெரியும். அது முழுதாகக் காயாமல் அடுத்ததைத் தொடக் கூடாது. புரொப்பெல்லர் நுனிகளில் நான்கு அங்குல மஞ்சள், அதாவது நம் அளவில் 1.4 மில்லிமீட்டர். சுழலும்போது அதன் விளிம்பு எங்கே முடிகிறது என்று தரையில் நிற்பவர்களுக்குத் தெரிவதற்காக.

தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்துப் படங்களான டீக்காலை எடுத்தபோதுதான் இந்த வேலை எனக்கு வேறு விதமாகிவிட்டது.

பெட்டியில் இருந்தவை ஒரு ஸ்குவாட்ரனின், அதாவது விமானப் படைப்பிரிவின், எழுத்துகள். ஒட்டுவதற்கு முன் ஸ்பிட்ஃபயர் ஸ்குவாட்ரன்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் '234 (மெட்ராஸ் பிரசிடென்சி) ஸ்குவாட்ரன்' என்று இருந்தது. சென்னை மாகாணத்திலிருந்து போன போர் நிதிக்கு நன்றியாக ராயல் ஏர் ஃபோர்ஸ் சில ஸ்குவாட்ரன்களின் பெயரோடு மாகாணத்தின் பெயரையும் சேர்த்திருக்கிறது. 234 மட்டுமல்ல, 79, 264 ஆகியவற்றுக்கும் அதே பெயர். அக்காலத்தில் ஒரு ஸ்பிட்ஃபயருக்கு நன்கொடைக் கணக்கில் நிர்ணயித்திருந்த விலை 5,000 பவுண்டு. ஒரு ரூபாய்க்கு ஒன்றரை ஷில்லிங் என்ற அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 66,700 ரூபாய்.

இதைப் படித்ததும் எழுந்த பெருமிதத்தை மறைக்கப் போவதில்லை. கூடவே ஒரு நெருடலும் வந்தது. இந்தியத் தலைவர்களைக் கேட்காமலேயே இந்தியாவைப் போரில் சேர்த்ததை எதிர்த்து, 1939 அக்டோபரில் ராஜாஜியின் அமைச்சரவை பதவி விலகிவிட்டது. மாகாணம் ஆளுநரின் ஆட்சியில் இருந்தது. 1940 அக்டோபரில் காந்தியின் தனிநபர் சத்தியாகிரகம் தொடங்கியது. சிலர் போருக்குப் பணம் கொடுத்த காலத்தில், வேறு சிலர் போரை எதிர்த்துப் பேசிச் சிறைக்குப் போனார்கள். இரண்டு தரப்பும் இதே மண்ணில் இருந்தவர்கள். ஹிட்லரின் விமானங்களைத் தடுத்தது உலகத்துக்கு நல்லது. சொந்த நாட்டில் விடுதலை கேட்டவர்களைச் சிறையில் அடைத்துவிட்டு அதே நாட்டின் பணத்தை வாங்கிக்கொண்டது நியாயமில்லை. இந்த இரண்டையும் நான் சேர்த்தே நம்புகிறேன். அந்தப் பெயர் நம்முடையது என்பதால் அந்த ஸ்குவாட்ரனின் எழுத்துகளைத்தான் ஒட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். தனி எழுத்துகள் உள்ள டீக்கால் தாள் ஒன்றை வரவழைத்தேன்.

234இன் குறியெழுத்துகள் 'ஏ இசட்'. மூன்றாவது எழுத்து ஒவ்வொரு விமானத்துக்கும் மாறும். நான் தேர்ந்தெடுத்தது 'டி', பாப் டோ என்ற இளைஞரின் விமானம். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, ஒரு பத்திரிகை அலுவலகத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தவர். 1940 ஆகஸ்ட் நடுவில் 234 மிடில் வாலப் தளத்துக்கு மாறியது. 15ஆம் தேதி அவருக்கு முதல் சண்டை. ஸ்குவாட்ரனிலேயே மோசமான விமானி தான்தான், இன்று திரும்பி வரப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டே கிளம்பியவர். அப்போது வயது இருபது. 1940இல் ஜெர்மன் விமானங்களை எதிர்த்து நடந்த வான்போரான 'பிரிட்டன் சண்டை' முடிந்தபோது அதில் மிகச் சிறந்து விளங்கிய விமானிகளில் ஒருவராக இருந்தார். அவருடைய ஸ்குவாட்ரன் அந்த அளவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. செப்டம்பர் 7 என்ற ஒரே நாளில் தளபதி ஓ'பிரையனும், மிகத் திறமையான ஆஸ்திரேலிய விமானி பாட் ஹியூஸும் இறந்தார்கள். அதே மாதம் 24ஆம் தேதியும் 26ஆம் தேதியும் வூல்ஸ்டன் தொழிற்சாலை குண்டுவீச்சுக்கு உள்ளானது. அதன்பின் ஸ்பிட்ஃபயர் பாகங்கள் கராஜ்களிலும் சலவை நிலையங்களிலும் பஸ் டிப்போக்களிலும் செய்யப்பட்டன. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் வேலை செய்பவனுக்கு இந்தச் செய்தி கொடுத்த உற்சாகம் பெரிது.

டோவின் கதையில் என்னைப் பிடித்து உலுக்கியது அடுத்து நடந்ததுதான். 1941 ஜனவரியில், வேறொரு ஸ்குவாட்ரனில் ஹரிகேன் என்ற மற்றொரு வகைப் போர் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தபோது, இரவில் என்ஜின் நின்று விமானம் விழுந்தது. தோள்வார் அறுந்து, முகம் முன்னால் இருந்த குறிபார்க்கும் கருவியில் மோதியது. தாடை உடைந்து, மூக்கு ஏறத்தாழ அறுந்து, கண் ஒன்று வெளியே வந்துவிட்டது. 22 அறுவை சிகிச்சைகள். சில மாதங்களில் மறுபடியும் விமானம் ஓட்டினார்.

அந்தப் போரில் முகமும் தாடையும் சிதைந்தவர்களுக்கான பிரிட்டிஷ் மருத்துவப் பிரிவுகளில் அறுவை மருத்துவர்களுக்குப் பக்கத்திலேயே பல் டெக்னீஷியன்கள் இருந்தார்கள். உடைந்த தாடையின் பற்களுக்கு அச்செடுத்து, வெள்ளியில் கவசம் வார்த்து, பற்களின் மேல் மாட்டி, எலும்பு கூடும்வரை தாடையை அசையாமல் பிடித்துவைக்கும் வேலை அவர்களுடையது. மெழுகு, பிளாஸ்டர், வார்ப்பு: நான் தினமும் தொடும் பொருள்கள். போர் நூல்களில் அவர்களுக்கு அரை வரிகூடக் கிடைப்பது அரிது. ஒருவர் மறுபடியும் மென்று சாப்பிட, தெளிவாகப் பேச, முகத்தை நிமிர்த்தி வெளியே வர அவர்களுடைய கை தேவைப்பட்டது. இதை என் தொழிலில் இருக்கும் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

விமானியின் பொம்மைக்கு அதுவரை முகம் தீட்டவில்லை. கண்ணாடி மூடியையும் ஒட்டாமல் வைத்திருந்தேன். இந்த அளவில் தலை மூன்று மில்லிமீட்டர்தான். சதை நிறம் ஒரு பூச்சு. கண்குழியிலும் தாடைக்கடியிலும் நீர்த்த பழுப்பு. மூக்கின் முதுகிலும் கன்ன எலும்பிலும் சற்று வெளிர். கண்ணை வரையக் கூடாது; இந்த அளவில் வரைந்தால் முழித்துப் பார்ப்பது போலாகிவிடும், நிழல் போதும். பல் பீங்கானுக்கு நிறம் ஏற்றும் மிக மெல்லிய தூரிகையைத்தான் பயன்படுத்தினேன். ஆகஸ்ட் 1940இன் முகம் அது, இருபது வயது, ஒரு கீறல் இல்லாதது. அதைத் தீட்டிய இரவு வேறு வேலை எதையும் தொடவில்லை. மூடியை ஃபெவிகாலில் ஒட்டினேன். பிளாஸ்டிக் பசையின் ஆவி பட்டால் கண்ணாடி மங்கிவிடும்.

எழுத்துகளை ஒட்டுமுன் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு அவசியம். சொரசொரப்பான பரப்பில் டீக்காலுக்கு அடியில் காற்று தங்கி வெள்ளையாகத் தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, தாளிலிருந்து வழுக்கி விட்டு, ஈரப் பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்ற வேண்டும். இறக்கை முன்விளிம்பில் எட்டுச் சிவப்புத் துணுக்குகளும் ஒட்டினேன். துப்பாக்கித் துளைகளை மூடும் துணிகள் அவை, ஈரமும் குளிரும் தூசியும் உள்ளே போகாமல் இருக்க. முதல் குண்டிலேயே கிழிந்துவிடும். கிழிந்த துளைகளில் காற்று புகுந்து விசிலடிக்கும். திரும்பி வரும் விமானம் சுட்டிருக்கிறது என்று தரையில் காத்திருக்கும் மெக்கானிக்குகள் அந்தச் சத்தத்திலேயே தெரிந்துகொள்வார்கள்.

கடைசி வேலை, கம்பத்திலிருந்து வால்வரை போகும் வானொலிக் கம்பி. பாகங்கள் வந்த பிளாஸ்டிக் சட்டத்தின் துண்டை மெழுகுவர்த்திக்கு மேலே காட்டி, இளகியதும் இரு கைகளாலும் சீராக இழுத்தால் முடியைவிட மெல்லிய இழை கிடைக்கும். வேகமாக இழுத்தால் மெல்லியது, மெதுவாக இழுத்தால் தடிமன். இந்த மொத்த வேலையில் நான் மிகவும் ரசித்தது இதுதான்.

அடுத்தது ஹரிகேன் என்று தம்பியிடம் சொல்லியாகிவிட்டது. பாப் டோ பின்னர் இந்தியாவுக்கு வந்தார். 1944இல் லாகூரில் தொடங்கப்பட்ட இந்திய விமானப்படையின் 10ஆம் ஸ்குவாட்ரனுக்கு முதல் தளபதி அவர்தான். ஹரிகேன்களோடு அதை பர்மா முனைக்கு அழைத்துப்போனார், 1945இல் டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் ராணுவ விருது பெற்றார். அந்த முனையில் விமானங்களின் வட்டச் சின்னத்தில் நடுவிலிருந்த சிவப்பை எடுத்துவிட்டிருந்தார்கள், ஜப்பானியரின் சிவப்புச் சூரியன் என்று யாரும் தவறாக நினைத்துவிடாதபடி. அடர்நீலத்துக்குள் வெளிர்நீலம், அவ்வளவுதான். பெட்டி வருவதற்குள் அந்த இரண்டு நீலங்களையும் கலந்து ஒரு பழைய பிளாஸ்டிக் மூடியில் தீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளிர்நீலம் இன்னும் சரியாக வரவில்லை. இன்னும் கொஞ்சம் வெள்ளை வேண்டும்.